ஜீப் தாண்டும்போது

நூறு துப்பாக்கிகள் சுடும். ஒருவனும் சாக மாட்டான். குண்டுகள் தண்ணீர்த் தொட்டியிலும் டயரிலும் மட்டும் படும். வில்லனின் வண்டி சரிவில் உருண்டு தீப்பிடிக்கும். உள்ளே இருந்தவர்கள் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு, "தப்பிச்சிட்டானுங்க பாஸ்" என்று சொல்லியபடி எழுந்து வருவார்கள். கடைசியில் நான்கு நாயகர்களும் கறுப்பு ஜீப்பில் ஏறி, உடைந்த பாலத்தை ஒரே தாண்டில் தாண்டிப் போய்விடுவார்கள். வாராவாரம் இதேதான். ஊர் மட்டும் மாறும். அதுவும் மாறாது, பெயர்ப் பலகைதான் மாறும்.

இந்தக் கூத்துக்கு 'நெருப்பு நால்வர்' என்று பெயர் வேறு. அந்தக் காலத்து ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள் என்றால் மன்னித்துவிடலாம்; பாவம், வேறு சேனல் இல்லை. இப்போது என்ன கேடு? உலகமே உள்ளங்கையில் இருக்கிறது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை அதன் ரசிகர்கள் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். தொப்பை விழுந்தவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், எல்லாருடைய கழுத்திலும் அந்த நால்வர் கட்டுவது போல ஒரு சிவப்புக் கைக்குட்டை. போன வருடம் ஒரு வங்கி அதிகாரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேரைத் தள்ளச் சொல்லி, "தாண்டுடா கறுப்பா!" என்று கத்திக்கொண்டே மேடையிலிருந்து கீழே விழுந்தார். முன்பல் ஒன்று போயிற்று. அந்த வீடியோவைத்தான் அவர் எல்லாருக்கும் பெருமையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒரு பழைய தொடர் மேல் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு எரிச்சல் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருந்தது. அந்த ஜீப்பை ஓட்டியது அவளுடைய அப்பா.

தொடரின் நாயகன், எல்லாரும் கமாண்டர் என்று கொண்டாடுகிற அந்த மகானுபாவர், நின்றுகொண்டிருக்கிற ஜீப்பில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டியதோடு சரி. இரண்டு பேர் பின்னால் நின்று பலகையை வைத்து வண்டியைக் குலுக்குவார்கள். ஓடுவது, தாண்டுவது, உருள்வது, எரிவது எல்லாம் டூப். படப்பிடிப்பில் டூப்புக்குப் பெயர் கிடையாது. பல்டி அடிக்கிறவர் என்பதால் பல்டி என்றே கூப்பிட்டார்கள். அவருடைய கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்ததாம்.

பாலத்தைத் தாண்டும் காட்சியை எடுத்தது ஒரே ஒரு முறை. இறங்கிய வேகத்தில் ஜீப்பின் அச்சு முறிந்தது. இன்னொரு ஜீப் வாங்கத் தயாரிப்பாளருக்கு மனசு வரவில்லை. ஆகவே தொடர் ஓடிய அத்தனை வருடமும் அந்த ஒரே துண்டை வாராவாரம் ஒட்டினார்கள். தலைப்புப் பாட்டிலும் அதேதான். ஜனங்களுக்குச் சலித்துவிடுமே என்று சில வாரங்களில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டார்கள். அன்றைக்கு ஜீப் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும், ஸ்டியரிங்கும் பக்கம் மாறிவிடும். ஒரு ரசிகசிகாமணியும் கண்டுகொள்ளவில்லை.

அந்தத் துண்டில் ஒரு விஷயம் உண்டு. ஜீப் அந்தரத்தில் இருக்கும்போது ஓட்டுகிறவர் தலையைத் திருப்புவார். அரை நொடி கூட இருக்காது. அது கமாண்டரின் முகம் இல்லை. அவளுடைய அப்பாவின் முகம்.

மற்ற காட்சிகளில் எல்லாம் அப்பாவின் முதுகு, அப்பாவின் பிடரி, அப்பாவின் பூட்ஸ். தொடர் முழுக்க அவருக்குக் கிடைத்தது அந்த அரை நொடிதான். அது வருகிற நேரம் அம்மாவுக்கு எப்படித்தான் தெரியுமோ, அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து நிற்பாள். "பாருடி, உங்கப்பா!" என்பாள். திருப்பிப் போட்ட வாரங்களில் மட்டும் முகம் வாடி, "சே, இன்னிக்கு மாத்திப் போட்டுட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஸ்டியரிங் பக்கம் மாறியதைத்தான் சொல்கிறாள் என்று மகள் நினைத்திருந்தாள். அப்பா அந்த நேரத்தில் வாயே திறக்க மாட்டார். அது அடக்கம் என்று நினைத்திருந்தாள்.

பாலத்தைத் தாண்டிய அடுத்த வருடம் ஒரு மாடியிலிருந்து குதித்தபோது கீழே மெத்தை ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அன்றோடு அப்பாவின் கழுத்து இறுகிப்போயிற்று. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். கம்பெனி ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பி வைத்தது. கமாண்டர் அதைக் கூட அனுப்பவில்லை.

இப்போது அப்பா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறார். பாலத்தைத் தாண்டிய மனிதர், மாணவர்கள் இரண்டாவது கியரில் கொஞ்சம் வேகம் பிடித்தாலே தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவார்.

அவள் வேலை பார்த்தது பழைய படங்களுக்கு முகம் கழுவிவிடுகிற ஒரு ஸ்டூடியோவில். கறுப்புத் திரை போட்ட குளிர் அறை, இரண்டு மானிட்டர், கைப்பிடி கிழிந்த ஒரு நாற்காலி. கீறல், தூசி, பூஞ்சைப் புள்ளி, தெரியக்கூடாத கயிறு, தெரியக்கூடாத மைக் எல்லாவற்றையும் படம் படமாக உட்கார்ந்து துடைக்க வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். "துடைப்பம் மேடம், டீ வந்திருக்கு" என்று மரியாதையாகவே கூப்பிடுவார்கள்.

சேனல்காரர்கள் 'நெருப்பு நால்வ'ரைப் புதுப்பித்து மறுபடியும் போடப் போகிறார்கள் என்று அந்த வேலை ஸ்டூடியோவுக்கு வந்தபோது, மேனேஜர் கைகளைத் தேய்த்துக்கொண்டே அறைக்குள் வந்தார்.

"அந்தக் காலத்துத் தப்பு ஒண்ணு கூட இந்தக் காலத்துல தெரியக்கூடாதும்மா. சுத்தமாத் துடைச்சிடணும்."

"அப்படின்னா மொத்தத் தொடரையும் துடைச்சிடலாமே சார்."

மேனேஜருக்கு நகைச்சுவை ஒத்துவராது. "ரசிகர்கள் காதுல விழுந்தா உதைப்பாங்க. அப்புறம், முக்கியமான ஒண்ணு. அந்தப் பாலம் ஷாட்டுல டூப் மூஞ்சி தெரியுதாம். கமாண்டர் சார் சொல்லி அனுப்பியிருக்கார். அதை எடுத்துட்டு அவர் மூஞ்சிய வைக்கணும். நாளைக்கு அவரே வர்றார், அளவு எடுத்துக்கோ."

அவளுடைய அப்பா யார் என்று ஸ்டூடியோவில் யாருக்கும் தெரியாது. சொன்னால் ஆளாளுக்குச் செல்ஃபி கேட்பார்கள் என்று அவள் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. சும்மா தலையை ஆட்டினாள், உள்ளே கொதித்தது.

மறுநாள் கமாண்டர் வந்தார். தலைக்குச் சாயம், பல்லுக்கு வெள்ளை, நடையில் மட்டும் வயசு. ஆபீஸே எழுந்து நின்றது. கணக்குப் பிரிவு அம்மாள் சிவப்புக் கைக்குட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவரை விளக்குக்கு முன்னால் உட்கார வைத்து, இப்படித் திரும்புங்கள், அப்படித் திரும்புங்கள் என்று அவள் படம் எடுத்தாள். கழுத்து என்னமாய்த் திரும்பியது! எண்ணெய் போட்ட கதவு போல.

"அந்த ஜம்ப் நானே பண்ணதுன்னுதாம்மா எல்லாரும் நம்புறாங்க," என்றார் கமாண்டர். "முதல்ல இல்லன்னு சொல்லிப் பார்த்தேன். ஜனங்க சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு அப்புறம் ஆமான்னே சொல்லிட்டேன். இப்ப எனக்கே பாதி நேரம் நான்தான் தாண்டின மாதிரி இருக்கு."

"டூப் யாரு சார்?"

"யாரோ ஒரு பையன். பல்டி பல்டின்னு கூப்பிடுவோம். நல்ல பையன்தான், ஆனா அந்த ஷாட்டுல கோட்டை விட்டுட்டான். இருக்கானோ இல்லையோ."

இருக்கார், சாயங்காலம் வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கிட்டு வருவார் என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்த ஆளின் மூஞ்சியை அங்கே வைப்பதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். அப்பாவின் முகம் அப்படியே இருக்கும். வேலை போனால் போகட்டும்.

சாயங்காலம் அவள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் காத்திருந்தாள். கடைசி மாணவி இறங்கியதும் அப்பா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள், காலியான முன் இருக்கையில் அப்பா பயிற்சிக் கூம்புகளையும் பலகைகளையும் அள்ளிப் போட்டிருந்தார். அப்பாவால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடியில் அவளைப் பார்த்து, "என்ன பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கமாண்டர் வந்தது, பல்லைக் காட்டியது, யாரோ ஒரு பையன் என்றது. "நான் மாத்த மாட்டேம்ப்பா. உங்க மூஞ்சி அங்கேயேதான் இருக்கும். என்ன பண்ணிடுவாங்க?"

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

"எடுத்துரு," என்றார்.

"என்னது?"

"எடுத்துரு பாப்பா. முதல்ல அதை எடு."

அவளுக்கு விளங்கவில்லை. அப்பா கண்ணாடியை விட்டுவிட்டு நேரே சாலையைப் பார்த்துப் பேசினார்.

"டூப் மூஞ்சி தெரிஞ்சா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? தப்பு. மேலேருந்து விழுந்திருக்கேன், நெருப்புல நடந்திருக்கேன், ஒருத்தனுக்கும் நான்தான்னு தெரியாது. அதுதான் வேலை. அதுதான் எனக்குப் பெருமை. பண்ணது ஒரே ஒரு தப்பு. அதை எடுத்து வாராவாரம் போட்டானுங்க. பாட்டுல வேற. ஊரே பாக்குது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போயிடலாம்னு பாப்பேன். உங்கம்மா வேற ஆசையா ஓடி வந்து நிக்குறா, அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

இத்தனை வருடங்களாக வீட்டில் கொண்டாடியதை அந்த மனிதர் தண்டனையாக அனுபவித்திருக்கிறார். மகளுக்கு அழுகை வந்தது. அழாமல், "ஏம்ப்பா திரும்பினீங்க?" என்று கேட்டாள்.

அப்பா வைப்பரை ஒரு முறை போட்டு நிறுத்தினார். மழை எதுவும் இல்லை.

"அன்னிக்கு உங்கம்மா ஷூட்டிங் பாக்க வந்துட்டா. நீ வயித்துல. வரவே வராதேன்னு சொல்லியிருந்தேன். ஜீப்பைக் கிளப்பும்போதுதான் பாத்தேன், தண்ணி லாரி பக்கத்துல நிக்குறா. மேல போனப்ப, ரொம்பப் பயந்துட்டாளோன்னு ஒரு நெனப்பு. பாத்துட்டேன். அவ்வளவுதான். அவ ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னா. நான் பாத்தது கூட அவளுக்குத் தெரியாது."

"அம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

"எதைச் சொல்றது? ஜீப்பை ஓட்டுற நேரத்துல பொண்டாட்டியைப் பாத்துக் கோட்டை விட்டேன்னா? போ பாப்பா." வண்டியைக் கிளப்பினார். "நல்லா, தெரியாம எடு. நீ கெட்டிக்காரி."

மறுநாள் அந்த அரை நொடியை அவள் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான். வீர முகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மானிட்டர் முழுக்க விரிந்தபோது அதில் வீரம் ஒரு துளியும் இல்லை. கூட்டத்தில் தன் ஆளைத் தேடுகிற முகம், பயந்த முகம், இருபத்தைந்து வயதுப் பையனின் முகம்.

கமாண்டரின் முகத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. சாயம் பூசிய அந்தத் தலை, வெள்ளைப் பற்களோடு, தண்ணீர் லாரிப் பக்கம் திரும்பி அவளுடைய அம்மாவைப் பார்த்தது. உடனே அழித்தாள்.

அப்புறம் ஓட்டுகிறவர் திரும்பவே திரும்பாதபடி செய்தாள். திரும்புவதற்கு முந்தைய படங்களிலிருந்து பிடரியை எடுத்து, ஒவ்வொரு படத்திலும் ஒட்டி, காற்றில் பறக்கிற முடியை மயிரிழை மயிரிழையாகக் கையாலேயே சேர்த்தாள். மூன்று நாள் பிடித்தது. அவள் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். ஜீப் இப்போது மேலே எழும்பி, நேரே பார்த்த தலையோடு, ஆடாமல் அசங்காமல் இறங்கியது. யாருடைய முகமும் இல்லை.

மேனேஜர் பார்த்துவிட்டுக் குதித்தார். "கமாண்டர் சார் மூஞ்சி எங்கம்மா?"

"பாலத்தைத் தாண்டுற வீரன் காமிராவையா சார் பாப்பான்? நேராப் பாத்தாத்தான் கெத்து. மூஞ்சிய ஒட்டினா ஒட்டினதுன்னு பசங்க கண்டுபிடிச்சிக் கிழிச்சிடுவாங்க."

மேனேஜர் பயந்துபோய் அங்கேயே போன் போட்டார். மறுமுனையில் கமாண்டர் சொன்னது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "கரெக்ட்டு. நான் அப்பவே அப்படித்தான் தாண்டினேன்."

அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடர் மறுபடியும் ஆரம்பித்தது. வங்கி அதிகாரி புதுப் பல்லோடு சேனலில் தோன்றி, தன் வாழ்க்கையே இந்தத் தொடர்தான் என்று கண் கலங்கினார். அப்படிப்பட்ட வாழ்க்கையை நினைத்தால் நமக்கும் கண் கலங்கத்தான் செய்யும்.

வீட்டில் அப்பா காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டார். டிவிக்கு நேரே தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அம்மா வழக்கம்போல் உள்ளே இருந்தாள், காதை மட்டும் கூடத்தில் வைத்துக்கொண்டு. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. 'உங்கப்பா' என்று காட்ட அம்மாவுக்கு இனி அந்த அரை நொடி இல்லை. பழைய படம், ஏதோ வெட்டிவிட்டான் என்று எண்ணிக்கொள்ளட்டும்; அப்பாவின் மானம்தான் பெரிது.

தலைப்புப் பாட்டு முழங்கியது. அம்மா கைகளைத் துடைத்தபடி ஓடி வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கறுப்பு ஜீப் வந்தது. எழும்பியது. தலை திரும்பவில்லை. இறங்கியது.

அப்பா மூச்சை விட்டார். "அப்பாடா," என்றார் மெதுவாக. "இப்பதான் சரியா இருக்கு."

அம்மா அசையவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, திரும்பிப் பாக்கவே இல்ல?"

"யாரு?"

"நீங்கதான். நடுவுல என்னைப் பாப்பீங்கல்ல? நான் தண்ணி லாரிகிட்ட நின்னேனே."

கூடத்தில் துப்பாக்கிகள் படபடவென்று சுட்டுக்கொண்டிருந்தன. ஒருவனும் சாகவில்லை.

"நீ மூஞ்சிய மூடிக்கிட்டில்ல இருந்தே?" என்றார் அப்பா.

"விரல் இடுக்குல பாத்தேன். அவ்வளவு பெரிய ஜீப்பு மேல பறக்குது, பாக்காம இருப்பேனா? நீங்க திரும்பினது அப்பவே தெரியும்." அம்மாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. "இத்தனை வருஷமா எதுக்கு அடுப்பைப் போட்டுட்டு ஓடி வர்றேன்னு நெனச்சீங்க? இந்தக் கோமாளிங்க டயர்ல சுடுறதைப் பாக்கவா? மாத்திப் போட்டா கூட உங்க மூஞ்சி அந்தப் பக்கம் போயிடும், எனக்கு ஆகாது. எந்தக் கட்டையில போறவன் இதுல கைய வச்சான்?"

மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூன்று நாள் உட்கார்ந்து மயிரிழை மயிரிழையாகத் துடைத்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அப்பா நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்தார். அவருடைய கழுத்து திரும்பாது. காலைத் தரையில் ஊன்றி, நாற்காலியோடு சேர்ந்து, கரகரவென்று தரை தேய, முழு உடம்பையும் அம்மா பக்கம் திருப்பினார்.

"இப்ப எதுக்கு இந்தப் பக்கம்?" என்று அம்மா சீறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி கவிழப் போகுது, அங்க பாருங்க."

வண்டி கவிழ்ந்தது. தீப்பிடித்தது. தூசியைத் தட்டிக்கொண்டு எல்லாரும் எழுந்து வந்தார்கள். அப்பா டிவி பக்கம் திரும்பவில்லை.